பதினோராம் நம்பர் மலையில் பதினான்கு பெட்டிகள்

1

பின்லாந்தின் வடக்கே, ஊலு என்ற கடலோர ஊரில் நான் குடியேறிப் பதினெட்டு வருடங்கள் ஆகின்றன. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று எல்லோரும் சொல்லியும், தங்கும் அட்டையைப் புதுப்பித்துப் புதுப்பித்தே காலத்தை ஓட்டிவிட்டேன். சோம்பல்தான் காரணம். அதற்குமேல் பெரிய பற்று ஏதும் இருப்பதாகச் சொன்னால் நானே நம்பமாட்டேன். போன மாதம் மகள் மது, "நீ மட்டும் ஏன் விமான நிலையத்தில் வேறு வரிசையில் நிற்கிறாய்?" என்று பின்னிஷ் மொழியில் கேட்டாள். அவளுக்குப் பதினாறு வயது. அன்று ராத்திரியே விண்ணப்பப் படிவத்தை இறக்கிவிட்டேன்.

அதில் ஒரு கேள்வி: தொடர்ந்து இரண்டு மாதத்துக்கு மேல் நாட்டில் இல்லாமல் இருந்தீர்களா, எப்போது, என்ன காரணம்? பதில் எழுத ஒரு விரல் நீளத்துக்குக் கட்டம். நான் ஒரே ஒரு முறைதான் அப்படிப் போயிருக்கிறேன், பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால், தொண்ணூற்றேழு நாள். "வேலை" என்று எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பெண் நாள் தேதி சரியாக வேண்டும் என்றாள், என்ன வேலை என்றும் கேட்டாள். "யானைகளுக்காகப் போயிருந்தேன்" என்று சொல்ல நினைத்து, சொல்லின் கடைசியில் சேர்க்கவேண்டிய உருபை மாற்றிச் சேர்த்து, "யானைகளுக்குள்ளே இருந்தேன்" என்று சொல்லியிருக்கிறேன். அவள் முகத்தில் சிரிப்பு வரவில்லை. இந்த ஊர்க்காரர்கள் இந்த விஷயத்தில் ரொம்ப நாகரிகமானவர்கள். பக்கத்தில் நின்ற மதுதான் வெளியே வரும்வரை தரையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

தேதி பார்க்கப் பழைய பாஸ்போர்ட்டைத் தேடினால், வீடு மாறியபோது எங்கோ போய்விட்டது. அந்தத் தேதியை இன்னொரு இடத்தில் கேட்கலாம் என்று தோன்றியது. அங்கே கேட்டதில் வந்ததுதான் இந்தக் குறிப்புகள்.

2

நான் குன்னூர்க்காரி. அப்பா பொள்ளாச்சியிலிருந்து பிழைப்புக்காக மலை ஏறியவர், ஒரு தேயிலை ஃபாக்டரியில் பில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றார். எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் தேயிலை, பள்ளிக்கூடம் போகும் வழியில் தேயிலை, ரயில் பாதைக்கு இரண்டு பக்கமும் தேயிலை. எல்லாம் இடுப்பு உயரத்துக்கு, மேசை போட்ட மாதிரி.

பசுந்தேயிலை விலை விழுந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். ஃபாக்டரிகள் வாரத்தில் மூன்று நாள் ஓடின, பிறகு இரண்டு நாள். விலை நாளைக்கு ஏறும், அடுத்த மாதம் ஏறும் என்று சொல்லிச் சொல்லியே வருடங்கள் போயின. மலையில் இனி ஒன்றும் இல்லை என்று என்னை வெளியே படிக்க அனுப்பியவர் அப்பாதான். இப்போது நான் ஊருக்கு வருவதில்லை என்று குறைபடுகிறவரும் அவரே.

இங்கே நான் செய்வது கம்பியில்லா உணர்வுப் பெட்டிகளை எங்கே வைப்பது என்று கண்டுபிடிக்கும் வேலை. சோப்பு டப்பா அளவுப் பெட்டி, உள்ளே ஒரு பாட்டரி, தரையின் அதிர்வை உணரும் ஒரு கருவி, பக்கத்துப் பெட்டியோடு பேச ஒரு ரேடியோ. ஒரு பெட்டி உணர்ந்ததை அடுத்தது வாங்கி அதற்கடுத்ததிடம் தரும், கடைசியில் செய்தி ஒரு விளக்குக்கு வந்து சேரும். எங்கள் குழுத் தலைவர் பெக்கா இதை முதலில் செய்தது ரோட்டுக்கு வரும் கலைமான்களுக்காக. பெட்டிகள் விலை அதிகம், கொஞ்சமாகத்தான் கிடைக்கும். கொஞ்சப் பெட்டிகளை வைத்து நிறைய இடத்தைக் காக்க வேண்டும், ஒன்றின் குரல் இன்னொன்றுக்குக் கேட்கவும் வேண்டும். எல்லா வழியையும் கணக்குப் போட்டுப் பார்த்து முடிக்க ஒரு ஆயுள் போதாது.

அதனால் எறும்பைக் கூப்பிடுவோம். கம்ப்யூட்டருக்குள் ஆயிரம் பொய் எறும்புகளை விடுவது. ஒவ்வொன்றும் பெட்டிகளை ஒரு மாதிரி வைத்துப் பார்க்கும். நன்றாக வைத்த எறும்பு தன் தடத்தில் வாசனையை அதிகம் விட்டுச் செல்லும், பின்னால் வருவது அந்தப் பக்கம் சாயும். ஆயிரக்கணக்கான சுற்றுகளுக்குப் பிறகு நல்ல ஏற்பாடு ஒன்று தேறி வரும். வாசனை கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகவும் வேண்டும், இல்லாவிட்டால் எல்லா எறும்பும் முதலில் கிடைத்த வழியிலேயே சுற்றும். எவ்வளவு வேகமாக மறக்க வேண்டும் என்பதற்குக்கூட ஒரு எண் கொடுப்போம். என் துறையில் வருடத்துக்கு நாலு மிருகமாவது புதிதாக வந்துகொண்டிருந்தது. தேனீ, வௌவால், மின்மினி, ஓநாய் என்று ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு என்னுடையதுதான் ஒசத்தி என்று கட்டுரை எழுதினார்கள். நான் எறும்போடு நின்றுவிட்டேன்.

3

கலைமானுக்குச் செய்ததை யானைக்குச் செய்யலாமே என்று நான்தான் சொன்னேன். ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற அரிப்பு இங்கே வந்த எல்லோருக்கும் ஒருமுறை வரும். கூடவே என் வேலை ஒப்பந்தம் அந்த வருடத்தோடு முடிவதாக இருந்தது. வெளிக்களத்தில் ஓடிக் காட்டினால் நீட்டிப்பார்கள் என்று பெக்கா சொல்லியிருந்தார். இரண்டு காரணத்தில் எது பெரியது என்று என்னை யாரும் கேட்கவில்லை.

இடம் பந்தலூருக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட். இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் நிறைய இருக்கும் பகுதி. விலை சரிவில் அந்த எஸ்டேட் பாதிக்குமேல் வேலையை நிறுத்திவிட்டது. லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் வீட்டைக் காலி செய்யவும் முடியாமல், அங்கே வேலையும் இல்லாமல், வேறு எஸ்டேட்டுகளுக்குக் கொழுந்து எடுக்க ஜீப்பில் போனார்கள். எஸ்டேட்டின் பழைய லாரி ரோடு இடிந்து கிடந்ததால் ஜீப் மேலே வராது, அதில் நடந்து போவதென்றால் வெகு தூரம் சுற்று. லயத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கி, கைவிட்ட ஒரு தேயிலைக்காட்டைக் கடந்துபோய் ரோட்டில் ஏறுவதுதான் வழக்கம். அந்தக் காட்டை அவர்கள் இலங்கையில் சொன்ன மாதிரியே பதினோராம் நம்பர் மலை என்றார்கள். யானைகள் பகலில் தங்குவதும் அங்கேதான்.

ஊலுவில் உட்கார்ந்துகொண்டு நிலப்படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். செடி என்ன உயரம் என்று நிரல் கேட்டது. முக்கால் மீட்டர் என்று போட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தேயிலை என்ன உயரம் என்று எனக்கு யார் சொல்ல வேண்டும்? பக்கத்தில் நின்ற பெக்கா, "தேயிலை ஒரு மரம் என்று படித்த ஞாபகம்" என்றார். நான் சிரித்தேன். தேயிலையைப் பொட்டலத்தில் மட்டும் பார்த்த மனிதர், பாவம் என்று நினைத்தேன். எறும்புகள் மூன்று நாள் ஓடிப் பதினான்கு பெட்டிகளுக்கு இடம் சொல்லின. திரையில் மலை முழுக்கப் பச்சை, விடுபட்ட இடமே இல்லை.

ஐந்து வாரம் விடுப்பு வாங்கினேன். நாலு வயது மதுவைக் கணவரிடம் விட்டுவிட்டு, பெட்டிகளை ஸ்வெட்டரில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

4

பதினோராம் நம்பர் மலையைப் பார்த்ததும் வழி தவறி வந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். எனக்கு முன்னால் நின்றது காடு. பல வருடமாகக் கவ்வாத்து வெட்டி உயரத்தைக் குறைக்காமல், கொழுந்தும் எடுக்காமல் விட்ட தேயிலை, இரண்டு ஆள் உயரத்துக்கு மரமாக எழுந்து, உண்ணிச்செடியோடு பின்னிக்கொண்டு கிடந்தது. குன்னூர்ப் பக்கம் விலை எவ்வளவு விழுந்தாலும் சிறு விவசாயிகள் கத்தியைக் கீழே வைக்கவில்லை, அதனால் நான் இடுப்புக்கு மேல் வளர்ந்த தேயிலையைப் பார்த்ததே கிடையாது. அன்று சாயங்காலம் அப்பாவுக்கு போன் செய்து சொன்னேன். "ஏங் கண்ணு, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல? கவ்வாத்து வெட்டாம உட்டா மரமாத்தானுங் கண்ணு போவும்" என்றார்.

அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். எறும்புகள் சொன்ன இடத்தில் பெட்டிகளைக் கட்டிவிட்டு, ரேடியோவின் சக்தியை ஏற்றிச் சமாளித்துவிடலாம் என்று எண்ணினேன். அந்தக் காட்டுக்குள் நுழைந்து கட்டி முடிக்க மூன்று வாரத்துக்கு மேல் பிடித்தது. லயத்தின் கடைசி வீட்டுச் சுவரில் சிவப்பு விளக்கை மாட்டினேன். அது லெச்சுமி அக்காவின் வீடு. நாற்பத்தைந்து வயதிருக்கும், கணவர் இல்லை, பிளஸ் ஒன் படிக்கும் மகள் சுதா. அந்த வரிசையிலிருந்து ஜீப்புக்குப் போகிற மூன்று பெண்களில் அக்கா ஒருவர். மூவரும் சேர்ந்து, சத்தமாகப் பேசிக்கொண்டேதான் அந்தப் பாதையில் இறங்குவார்கள். எல்லோரையும் கூட்டி வைத்து, சிவப்பு எரிந்தால் இறங்காதீர்கள் என்று சொன்னேன்.

எரியாவிட்டால் என்ன என்று நான் சொல்லவில்லை. அதை அவர்களாகவே எடுத்துக்கொண்டார்கள், யாராக இருந்தாலும் அப்படித்தானே எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் கீழ்ப்பக்கத்து ஏழு பெட்டிகளின் பேச்சு மேலே வரவே இல்லை. ரேடியோ அலையை இலைகள் குடித்துவிட்டன. பாட்டரிக் கோளாறு, நாளை பார்க்கலாம் என்று நான் படுக்கப் போய்விட்டேன்.

விளக்கு மாட்டிய நான்காம் நாள் காலையில் லெச்சுமி அக்கா கொஞ்சம் பிந்திவிட்டார். மற்ற இருவரும் முன்னால் போய்விட்டார்கள். அவர் சுவரைப் பார்த்தார், விளக்கு எரியவில்லை, தனியாக இறங்கினார். பாதையோரத்து ஊற்றுக்குப் பக்கத்தில் கொம்பன் யானை நின்றிருந்தது. திரும்பி ஓடியவர் வடிகாலில் விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். யானை அவரைத் துரத்தவில்லை, அது அந்த யானையின் புண்ணியம். நான் ஓடிப்போனபோது ரோட்டோரம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"செவப்பு எரியல புள்ள. அதான் போனேன்" என்றார். குற்றம் சொல்கிற குரலில்கூட இல்லை, நடந்ததைச் சொன்னார். கொழுந்து எடுக்கிறவருக்கு இரண்டு கையும் வேண்டும். கூடலூர் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு ஆறு வாரம் அசைக்கக்கூடாது என்றார்கள். நான் அங்கேயே வராந்தாவில் நின்று அழுதேன், சுதா எனக்குத் தண்ணீர் வாங்கிவந்து கொடுத்தாள்.

5

ஐந்து வாரம் முடிந்ததும் நான் திரும்பவில்லை. அந்த விளக்கை அப்படி விட்டுவிட்டு விமானம் ஏற எனக்கு மனம் வரவில்லை. லெச்சுமி அக்கா கட்டுப் பிரித்து மறுபடி அந்தப் பாதையில் நடந்து ஜீப்புக்குப் போக வேண்டும், அதை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும். வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. பெக்கா முதலில் பொறுமையாகவும் பிறகு சுருக்கமாகவும் கடிதம் எழுதினார். என் தங்கும் அட்டை இடையில் காலாவதியாகி, டில்லிக்குப் போய்த் தூதரகத்தில் விளக்கம் சொல்லி வர நாலு நாள் பிடித்தது.

விளக்கை மாற்றினேன். பதினான்கு பெட்டியும் பேசினால் பச்சை எரியும், யானை வந்தால் சிவப்பு, எதுவும் எரியாவிட்டால் கருவி செத்துவிட்டது என்று அர்த்தம். எறும்புகளுக்குச் சரியான உயரத்தைக் கொடுத்து மறுபடி ஓடவிட்டேன். இந்தக் காட்டுக்கு நாற்பது பெட்டி வேண்டும் என்றன. என்னிடம் பதினான்குதான். கடைசியில் லயத்து ஆண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கவ்வாத்துக் கத்தியோடு இறங்கினார்கள். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே தேயிலையைப் பழையபடி இடுப்பளவுக்கு வெட்டிவிட்டார்கள். நான் ஊலுவில் போட்ட முக்கால் மீட்டரை அவர்கள் கையால் உண்மையாக்கிக் கொடுத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பச்சை எரிந்தது.

இதற்கிடையில் ஒவ்வொரு சாயங்காலமும் ஊலுவுக்கு போன் பேசுவேன். சிக்னல் லெச்சுமி அக்கா வீட்டு வாசலில்தான் கிடைக்கும். முதல் மாதம் மது அழுதாள். இரண்டாம் மாதம் அழுகை குறைந்து, தமிழும் குறைந்தது. மழலையர் பள்ளியில் கற்ற பின்னிஷில் வளவளவென்று ஏதோ சொல்வாள், தமிழில் கேட்டால் போனை அப்பாவிடம் கொடுத்துவிடுவாள். நான் போனை வைத்த பிறகும் அங்கேயே நிற்பேன். அக்கா உள்ளிருந்து பால் விடாத பிளேன்டீயோடு வருவார், ஒன்றும் கேட்கமாட்டார்.

கட்டுப் பிரித்த மூன்றாம் நாள் அவர் வேலைக்குக் கிளம்பினார். மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகத்தான் கூடியிருந்தது. வழக்கத்தைவிட முக்கால் மணி முன்னாலேயே புறப்பட்டார், கை வலிக்குது, மெதுவாகத்தான் நடக்கிறேன் என்றார். நான் விடிந்தும் விடியாமலும் லேப்டாப்போடு விளக்கடியில் உட்கார்ந்திருப்பேன். மூன்று பெண்களும் வருவார்கள். அக்கா நின்று பச்சையைப் பார்ப்பார், என்னைப் பார்த்துத் தலையாட்டுவார், பாதையில் இறங்கி வளைவில் மறைவார். சாயங்காலம் வந்து, "பச்ச எரிஞ்சிச்சி, போய்ட்டோம்" என்பார். மூன்று வாரம் இப்படியே நடந்தது. நாலு முறை சிவப்பு எரிந்தது, நாலு முறையும் யானை நிஜமாகவே நின்றது. இனி உங்களுக்கு இங்க என்ன வேலை, கிளம்புங்க புள்ள என்று அக்காதான் விரட்டினார்.

ஊலு விமான நிலையத்தில் மது கணவரின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். என்னைத் தெரியாமல் இல்லை. எந்த மொழியில் பேசுவது என்று தெரியாமல்தான். அதன்பிறகு அவள் என்னிடம் முழுசாகத் தமிழில் பேசியது கிடையாது. தப்பு என்னுடையது என்பதால் வற்புறுத்தவும் எனக்கு வாய் வரவில்லை.

கட்டுரை எழுதினேன். காயம்பட்ட அதே பெண் மறுபடி அந்தப் பாதையைத் தினமும் பயன்படுத்தத் தொடங்கினார் என்று அதில் ஒரு வரி. மதிப்பிட்டவர்கள் எல்லோரும் அந்த வரியைத்தான் பாராட்டியிருந்தார்கள். ஒப்பந்தம் நீண்டது, பிறகு வேலை நிரந்தரமானது. வீடு, மதுவின் பள்ளிக்கூடம், இப்போது நிரப்பிக்கொண்டிருக்கும் படிவம், எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

6

சுதா இப்போது கோயம்புத்தூரில் நர்ஸ். பொங்கலுக்குப் பொங்கல் பேசிக்கொள்வோம். அவள் அம்மாவின் கட்டுப் பிரித்த சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பாள் என்று தெரியும், அதைப் பார்த்தால் நான் விமானம் ஏறிய நாளை எண்ணிவிடலாம். கேட்டேன். சீட்டைப் பார்த்துத் தேதி சொன்னாள், அப்படியே பேச்சு பழைய நாளுக்குப் போயிற்று. உன் அம்மா எவ்வளவு தைரியமாக அந்தப் பாதையில் மறுபடி இறங்கினார் என்று நான் சொன்னேன்.

சுதா சிரித்தாள். "இன்னுமா மேடம் உங்களுக்குத் தெரியாது? அம்மா அதுக்கப்பறம் அந்த மலைக்குள்ள கால் வைக்கவே இல்ல. வளைவு வரைக்கும் போவாங்க, அங்கருந்து மேல ஏறி லாரி ரோட்டுல சுத்திக்கிட்டுப் போவாங்க. மத்த ரெண்டு பேரையும் அப்படித்தான் கூட்டிக்கிட்டுப் போனாங்க."

அதனால்தான் முக்கால் மணி முன்னால் கிளம்பியிருக்கிறார். அந்தக் கையோடு, தினமும் அவ்வளவு தூரம் சுற்றி.

அந்த நாட்களின் பதிவுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஆறாம் நம்பர் பெட்டி வளைவைத் தாண்டிப் பாதையோரம் இருந்தது. யானை நடந்தால் எச்சரிக்கும். மனிதர் நடந்தால் சின்ன அதிர்வாக எழுதிவைக்கும், அதை நிரல் தள்ளிவிடும். பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக அந்தச் சின்ன அதிர்வுகளைத் திறந்து பார்த்தேன். கத்திகளோடு ஆண்கள் வந்துபோன ஞாயிறுகள் இருந்தன. நான் பாட்டரி பார்க்கப் போன நாட்கள் இருந்தன. அந்த மூன்று வாரத்துக் காலைகளில் மட்டும் ஒரு நாளும் ஒரு காலடியும் இல்லை. கட்டுரையில் இந்தக் காலைகளைத்தான் சுத்தமான பதிவு என்று எழுதியிருந்தேன்.

பெக்காவுக்கு எழுதினேன், அந்த வரி பொய், திருத்தம் அனுப்ப வேண்டும் என்று. அவர் ஓய்வு பெற்றுவிட்டார். இவ்வளவு நாளைக்குப் பிறகு யார் பார்க்கப் போகிறார்கள் என்று பதில் போட்டார். எப்படியும் அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சுதா வீட்டுக்கு அவள் அம்மா வந்திருந்தார், போனில் பிடித்தேன். ஏன் அக்கா என்னிடம் சொல்லவில்லை, கருவி அப்போது சரியாகத்தான் வேலை செய்தது, நீங்கள் பயப்பட்டிருக்க வேண்டியதே இல்லை என்றெல்லாம் கேட்டுக்கொண்டே போனேன். அவர் முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"அது வேல செஞ்சிருக்கும் புள்ள, எனக்குத்தான் கால் வரல" என்றார். "நாலு வயசுப் புள்ள அங்கன போன்ல ஒங்கள மறந்துக்கிட்டு வருது. நீங்க என்னா, லைட்டுக்குக் கீழ ஒக்காந்துக்கிட்டு நான் நடக்குறேனான்னு பாக்குறீங்க. நான் நடந்தாத்தான நீங்க ஊருக்குப் போவீங்க. அதான் வளைவு வரைக்கும் நடந்தேன்."